நெடுக்கா, குறுக்கா

அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்த அந்தப் புகைப்படத்தைக் குமுதவல்லி இரண்டு மாதமாகத் தினமும் தாண்டிப் போயிருக்கிறாள். இன்றைக்கு மதியம் ஒன்றேகாலுக்கு, கையில் டீ டம்ளரோடு நின்றபோதுதான் அதை முதல்முறையாகப் பார்த்தாள். ஆயுதபூஜையன்று எடுத்த படம். வருடாந்திர சர்வீசுக்காகக் குளிர்ப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் நீளமான தண்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்திருந்த நேரம். பொரி, பழம், பூசணிக்காய் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தத் தண்டு கல்யாணப் பெண் மாதிரி கிடந்தது. அதன் நுனியில், படிகம் பொருத்திய சின்னத் தட்டின் முதுகில், பச்சரிசி அளவுக்கு ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

வைத்தது அவள்தான். துடைத்தாளா?

துடைக்கவில்லை. மறுநாள் காலையில் தண்டை அப்படியே உள்ளே இறக்கி மூடினார்கள். ஈரச் சந்தனம் காய்ந்தால் இறுகும், அது ஒட்டியிருக்கும் தட்டையும் கொஞ்சம் இழுக்கும். அதற்குப் பிறகு இந்த மழைக்காலத்தில் மூன்று குலுக்கல் நடந்திருக்கிறது. மூன்றும் ஒரே பக்கம் விழுந்திருக்கிறது. நான்காவது இன்றைக்கு மூன்று மணிக்கு.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பெருந்தாங்கல் ஏரிக்கு இரண்டு மதகு. வடக்கு மதகைத் திறந்தால் வடகரைக் குடியிருப்பு முழுகும், தெற்கு மதகைத் திறந்தால் தென்கரை. இரண்டையும் திறந்தால் இரண்டும் போகும், திறக்காமல் விட்டால் கரையே உடைந்து அடுத்த தாலுகா வரைக்கும் போகும். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? எட்டு வருடத்துக்கு முன்னால் இந்தக் கேள்விக்கு இரண்டு கரைக்காரர்களும் மதகின்மேல் நின்று அரிவாளால் பதில் சொல்லிக்கொண்டார்கள். பதினேழு பிணம் விழுந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டால் எடுத்தவன் கைவேலை என்றார்கள். கம்ப்யூட்டரிடம் விட்டால் அதற்கு எழுதிக் கொடுத்தவன் எந்தக் கரைக்காரன் என்று கேட்டார்கள். அப்போது டாக்டர் சாமுவேல் ஞானமுத்து என்ற விஞ்ஞானி ஒரு யோசனை சொன்னார். முடிவை எலக்ட்ரானிடம் விட்டுவிடலாம். எலக்ட்ரானுக்கு ஜாதி கிடையாது, கட்சி கிடையாது, இரண்டு கரையிலும் சொந்தக்காரன் கிடையாது. பழியைச் சுமக்க ஆள் தேடி அலைந்த அதிகாரிகளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏரிக்கரை மேட்டில் குலுக்கல் நிலையம் எழுந்தது.

குமுதா அங்கே உதவியாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சாமுவேல் சார் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"ரேஷன் கடை திறக்கறதுக்கு முன்னாடி மைதானத்துல கூட்டம் நிக்குது. வரிசையில நில்லுங்கன்னு சொல்ல ஆள் இல்ல. ஆனா இடிச்சுக்காம நிக்கணும்னா வரிசை தானா உருவாகும். எந்தப் பக்கமா நீளும்?"

"மொதல்ல ரெண்டு பேரு எப்படி நின்னாங்களோ அப்படி."

"அவ்வளவுதான். இந்தப் படிகத்துக்குள்ள எலக்ட்ரான் எல்லாம் ஒரே தளத்துல மாட்டிக்கிட்டிருக்கு. மேல போக முடியாது, கீழ போக முடியாது. கடுங்குளிர், பயங்கரமான காந்தம். ஒரு கட்டத்துல எல்லாம் கோடு கோடா வரிசை கட்டும், பாய்ல இருக்கிற கோடு மாதிரி. நெடுக்காவும் கட்டலாம், குறுக்காவும் கட்டலாம். ரெண்டும் அதுக்கு ஒண்ணுதான். ஆனா ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். கோட்டோட போனா கரண்ட் வழுக்கிட்டு ஓடும், கோட்டை வெட்டிப் போனா திணறும். அதை வச்சு நாம கண்டுபிடிப்போம். நெடுக்குன்னா தெற்கு, குறுக்குன்னா வடக்கு."

"ரெண்டும் ஒண்ணுன்னா எதை வச்சு சார் தேர்ந்தெடுக்கும்?"

"ஒண்ணையும் வச்சு இல்ல. அதான் அதோட நேர்மை. ஆனா ஒரு மயிரிழை சாய்வு கிடைச்சாலும் அந்தப் பக்கமா விழுந்துரும். அதனால அதை யாரும் தொடக் கூடாது."

தொடக் கூடாது என்று சொன்ன இடத்தில்தான் குமுதா பொட்டு வைத்திருக்கிறாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிப் போனது. மூன்று முறையும் தென்கரை. முதல் தண்ணீரில் குடிசைகள் போயின. இரண்டாவதில் ஆட்டைப் பிடிக்கத் திரும்பிப் போன பச்சையப்பன் போனான். மூன்றாவது தண்ணீரில் போவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. குமுதாவின் வீடு வடகரையில் இருக்கிறது.

அவள் ஓட்டமும் நடையுமாகப் பொறுப்பு அதிகாரி பிரவீண் அறைக்குப் போனாள். சாமுவேல் சார் செப்டம்பரில் ஓய்வு பெற்றபிறகு வந்தவன், முப்பது வயதுகூட இருக்காது. படத்தைக் காட்டிச் சொன்னதும் அவன் அதை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

"பெட்டியைத் திறந்து துடைச்சிரலாம் சார்."

"திறந்தா சூடேறவே ஆறு மணி நேரம் மேடம். மறுபடி குளிர ரெண்டு நாள். ஏரி மூணரை வரைக்கும்தான் தாங்கும்னு இப்பதான் சொன்னாங்க."

"அப்ப குலுக்கலை நிறுத்துங்க. விழப்போறது எதுன்னு இப்பவே தெரியுதே. இதுக்குப் பேரு குலுக்கலா?"

பிரவீண் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். "சத்தமாப் பேசாதீங்க. வெளியே ரெண்டு கரை சாட்சியும் உட்கார்ந்திருக்காங்க. இந்த மூணு தடவையும் ஒரு பொட்டாலதான் நடந்துச்சுன்னு தெரிஞ்சா, நீங்களும் நானும் இந்த மேட்டை விட்டு உசுரோட இறங்க மாட்டோம். மறுபடி அரிவாளைத் தூக்குவாங்க. இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிருவோம். மழை விட்டதும் நானே துடைக்கிறேன்."

"தென்கரைல இன்னும் முந்நூறு பேர் இருக்காங்க சார்."

பயத்தில் இருப்பவனிடம் நியாயம் கேட்டால் அவன் கடிகாரத்தைத்தான் பார்ப்பான். பிரவீணும் கடிகாரத்தைப் பார்த்தான்.

குலுக்கல் அன்று எல்லார் கைபேசியும் லாக்கருக்குள் போய்விடும். அறிவிப்பு முடிகிறவரை வெளியுலகத்தோடு பேச்சில்லை. காந்த அறையில் இருப்பது வளாகத்துக்குள் மட்டும் பேசுகிற இன்டர்காம். சாமுவேல் சார் வளாகத்துக்குள் இருக்கும் அதிகாரி குடியிருப்பை இன்னும் காலி செய்யவில்லை என்பது குமுதாவுக்கு ஞாபகம் வந்தது. நான்கு எண்களை அழுத்துவதற்குள் விரல் இரண்டு முறை தவறியது.

எல்லாவற்றையும் அவள் ஒரே மூச்சில் கொட்டி முடித்தாள்.

"பொட்டு ஒண்ணும் பண்ணலம்மா," என்றார் சாமுவேல் சார்.

"மூணு தடவையும் நெடுக்கு சார்."

"முந்நூறு தடவை பார்த்தாலும் நெடுக்குதான் வரும். அந்தப் படிகம் வளரும்போதே ஒரு பக்கமா சாஞ்சு வளர்ந்திருக்கு. ஏன்னு எனக்குத் தெரியல, என்னோட படிச்ச எவனுக்கும் தெரியல. முதல் வருஷமே நூறு தடவை சோதிச்சுப் பார்த்தேன். நூறும் நெடுக்கு. அதுக்குள்ள கட்டடம் எழும்பிருச்சு, ரெண்டு கரையும் கையெழுத்துப் போட்டுட்டாங்க, அரிவாளை எல்லாம் ஸ்டேஷன்ல கொண்டுவந்து குடுத்துட்டாங்க. நான் போய் எலக்ட்ரானும் ஒருதலைப்பட்சம்தான்னு சொல்லணுமா?"

"ஆனா உங்க காலத்துல மாத்தி மாத்தித்தானே சார் விழுந்துச்சு?"

"குலுக்கலுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நான் மட்டும் உள்ள இருப்பேனே, சமன் பார்க்கறேன்னு. என்ன பண்ணேன்னு நெனச்ச?"

குமுதா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காசு சுண்டினேன்," என்றார் அவர். "மேசை கீழ் டிராயர்ல பழைய ஒரு ரூபா இருக்கு, பெருசு. இப்ப வர்ற காசெல்லாம் இரும்பு, காந்தம் இழுத்துக்கும். அது செம்பும் நிக்கலும். தலைன்னா வடக்கு, பூன்னா தெற்கு. பூ விழுந்தா ஒண்ணும் பண்ண வேணாம், பெட்டி தானா தெற்குன்னு சொல்லிரும். தலை விழுந்தா, தண்டுக்கு மேல ஒரு திருகு இருக்கு பாரு, அதைச் செவப்புக் கோடு வரைக்கும் திருப்பணும். படிகம் காந்தத்துக்குச் சாய்வா நிக்கும். கோடு எல்லாம் குறுக்கா மாறிடும்."

அந்தத் திருகை அவள் ஏழு வருடமாகத் துணியால் துடைத்திருக்கிறாள். கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. கையேட்டை எழுதியவர் அவர்தான்.

"போகும்போது ஏன் சார் சொல்லல? பச்சையப்பன் செத்துப்போனானே."

"ரெண்டு தடவை போனை எடுத்தேன். எடுத்துட்டு வச்சிட்டேன். பயம், வேற என்ன." அவர் குரல் தேய்ந்தது. "இன்னொண்ணும் சொல்லிடறேன் குமுதா. ஏழு வருஷத்துல ஒரே ஒரு தடவை நான் காசைச் சுண்டல. என் பொண்ணு வடகரை ஆஸ்பத்திரில பிரசவ வலியோட படுத்திருந்தா. சும்மா கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். பெட்டி தெற்குன்னுச்சு. நீயும் எதையும் தொட வேணாம், சும்மா நின்னாப் போதும். யாருக்கும் தெரியாது. அதுதான் இதுல இருக்கிற பெரிய கண்டம்."

இன்டர்காமை வைத்தபோது மணி இரண்டு இருபது.

காசு டிராயரில் இருந்தது. குமுதா அதைக் கையில் எடுத்ததும் அவள் மனது ஏரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டது. பிள்ளையார் கோயில் தெருவில் பள்ளமான வீடு, மாடி கிடையாது. கணவன் ஏழுமலை பைக்கில் விழுந்து வலது காலில் மாவுக்கட்டோடு மூன்று வாரமாகக் கட்டிலில் இருக்கிறான். மழை லீவில் ஆறு வயது தாரிகா அவன் மாவுக்கட்டில் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்துகொண்டிருப்பாள். சங்கு ஊதினதிலிருந்து நாற்பது நிமிடத்தில் தண்ணீர் வரும். தென்கரைக்காரர்கள் மூன்று முறை பட்டதில் படகு, கயிறு, டியூப் என்று தயாராக இருக்கிறார்கள். வடகரையில் ஒருவன்கூடத் தயாராக இல்லை. காலையில் அவள் கிளம்பும்போது ஏழுமலையே சொன்னான்: "நமக்கென்ன, எப்படியும் தெற்குதான்."

அவள் காசைச் சுண்டினாள்.

காசு குளிர்ப்பெட்டிப் பம்பின் விளிம்பில் பட்டுத் தெறித்து, தரையில் உருண்டு, கருவிகள் அடுக்கிய அலுமினிய ராக்கின் அடியில் போய் மறைந்தது. டார்ச்சோடு தரையில் படுத்துப் பார்த்தாள். சுவரோரம் தூசியில் கிடந்தது. மூன்று சிங்க முகங்களும் தெளிவாகத் தெரிந்தன. தலை.

"செல்லாது," என்றாள் வாய்விட்டு.

பம்பில் பட்டது, அடியில் போனது, இதையெல்லாம் கணக்கில் எடுக்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தாரிகா தோற்கிற மாதிரி இருந்தால் இப்படித்தான் சொல்வாள். "அழுகுணி ஆட்டம் ஆடாதடி" என்று குமுதா அதட்டுவாள். இப்போது அதட்ட யாருமில்லை. துடைப்பக் குச்சியால் காசை வெளியே தள்ளி எடுத்து, இந்த முறை இடம் பார்த்து, மேசைமேல் பதமாகச் சுண்டினாள்.

பூ.

உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. தன் பிள்ளை பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷம். அதை மறைக்க அந்த அறையில் ஆளில்லாததால் முழுசாகவே பட்டாள். காசை டிராயரில் போட்டு மூடிவிட்டு, முகம் கழுவலாம் என்று கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

சாட்சிகள் திரைச்சீலை இழுத்துவிட்ட கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வடகரை சாட்சி வரதராஜுலு, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எவர்சில்வர் டப்பாவிலிருந்து ஓமப்பொடி தின்றுகொண்டு பேப்பர் படித்தார். தென்கரை சாட்சியின் இடம் இரண்டாவது குலுக்கல் வரை பச்சையப்பனுடையது. இப்போது அவன் பெண்டாட்டி அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவள். காலடியில் பழைய சேலையில் கட்டிய ஒரு மூட்டை இருந்தது.

குமுதாவைப் பார்த்ததும் எழுந்தாள். "மேடம், ஒண்ணு கேக்கலாமா? மூணு மணிக்கு ரிசல்ட்டு சொல்றதுக்குள்ள நான் கெளம்பிக்கட்டா? மூட்டைய கட்டி எடுத்தாந்துட்டேன். இங்கேர்ந்து நேரா முகாமுக்குப் போய்ட்டா எடமாச்சும் கெடைக்கும். கடைசியா போனா கக்கூஸாண்டதான் படுக்கணும்."

"இன்னும் குலுக்கலே நடக்கலியேம்மா."

"அது நடந்தா என்னா, எப்படியும் எங்களுக்குத்தானே." கோபமே இல்லாமல் சொன்னாள். "சாட்சி இல்லாம நடக்கக் கூடாதுன்னா இருக்கேன். கையெழுத்துன்னா இப்பவே வேணா போட்டுடறேன்."

வரதராஜுலு பேப்பரைத் தாழ்த்தாமலே, "போகட்டுமே, பாவம்," என்றார்.

குமுதா மறுபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மணி இரண்டு ஐம்பத்திரண்டு. முதலில் விழுந்தது தலை. அவளுக்கு அது தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதுவே தன் வீட்டைக் காப்பாற்றுகிற பூவாக இருந்து ராக்கின் அடியில் கிடந்திருந்தால் செல்லாது என்று சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்க மாட்டாள். டிராயரில் கிடக்கும் பூவைச் சாமுவேல் சார் கைகட்டி நின்றதோடுதான் சேர்க்க வேண்டும்.

திருகில் கை வைத்தாள். குளிர்ந்திருந்தது. முதலில் வழுக்கியது. தாரிகாவுக்கு நீச்சல் தெரியாது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே, சிவப்புக் கோடு வரைக்கும் திருப்பினாள்.

மூன்று மணிக்குப் பிரவீண் வந்து பொத்தானை அழுத்தினான். காந்தம் உறுமியது. திரையில் எண் மெதுவாக ஏறி, தயங்கி, இதுவரை அவன் பார்த்திராத இடத்தில் போய் நின்றது. அவன் திரையைப் பார்த்தான், பிறகு திருகைப் பார்த்தான், பிறகு குமுதாவின் வீங்கிய கண்ணைப் பார்த்தான். மைக்கை அவள் பக்கம் தள்ளினான்.

"குறுக்கு," என்றாள் குமுதா. "வடக்கு மதகு."

ஏரி மேட்டில் சங்கு இரண்டு முறை ஊதியது; தெற்குக்கு ஒன்று, வடக்குக்கு இரண்டு. ஓமப்பொடி டப்பா கீழே விழுந்து உருள, வரதராஜுலு செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினார்.

லாக்கரைத் திறந்து போனை எடுப்பதற்குள் அது அடித்தது. ஏழுமலை.

"ரெண்டு சங்கு கேட்டுச்சே. தப்பா ஊதிட்டாங்களா?"

"தப்பில்ல. வடக்குதான். கெளம்புங்க, உடனே கெளம்புங்க."

"எப்படிக் கெளம்புறது? தெருவே கத்திக்கிட்டு ஓடுது, ஒரு ஆட்டோ இல்ல. என்னால எழுந்து நிக்கவே முடியல குமுதா." பின்னால் குழந்தை "அம்மாவா, அம்மாவா" என்று கேட்டது.

"மேசை மேல ஏறுங்க. பாப்பாவைப் பீரோ மேல ஏத்துங்க. நான் ஆள் அனுப்பறேன்."

யாரை அனுப்புவாள்? மீட்புப் படகு எல்லாம் தென்கரையில் நின்றது. அரசாங்கப் படகும் அங்கேதான், எப்படியும் தெற்குதானே என்று முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். அவள் ஹாலுக்கு ஓடிவந்தபோது அஞ்சலை இன்னும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். கேட்டது நிஜம்தானா என்று தெரியாதவள் மாதிரி மூட்டையின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சலை, உங்க ஆளுங்க படகு வச்சிருக்காங்கல்ல? எங்க வீடு வடகரைல, பிள்ளையார் கோயில் தெரு. பொண் குழந்தை இருக்குது. வீட்டுக்காரருக்குக் கால் உடைஞ்சிருக்கு."

அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் லாக்கரிலிருந்து தன் போனை வாங்கி எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். "மாணிக்கம், படகு எங்க நிக்குது? இரு, வைக்காத."

போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மேடம், நீங்க உள்ளாற இருந்தவங்க. உங்களத்தான் கேக்க முடியும். மூணு தபா எங்களாண்டயே வுழுந்துச்சு. இன்னிக்கு அந்தாண்ட போயிருக்கு. எங்க வூட்டுக்காரு போனாரே, அந்தத் தபா, அது தானா வுழுந்ததுதானா? யாரும் கைய கிய வைக்கலியே?"

வெளியே வடக்கு மதகின் இரும்புக் கதவு மேலேறுகிற சத்தம் கேட்டது. குமுதா அஞ்சலையின் முகத்தைப் பார்க்கவில்லை. போனைப் பொத்தியிருந்த அந்தக் கையைத்தான் பார்த்தாள். செங்கல் சூட்டில் காய்த்துப்போன விரல்கள். அந்த விரல் அழுத்தினால் பேச்சு நின்றுவிடும்.

"இல்லம்மா," என்றாள். "யாரும் கை வைக்கல. எல்லாமே தானா விழுந்ததுதான்."

அஞ்சலை தலையை ஆட்டிவிட்டு, கையை எடுத்தாள்.

"பிள்ளையார் கோயில் தெருவாம் மாணிக்கம். கால் ஒடிஞ்ச ஆளு, ஒரு பொண் கொழந்த. நாலு படகும் எடுத்துக்கினு போங்க. மொதல்ல அவங்களத் தூக்குங்க. நம்ம மேடம் வூடு."